தனிப் படகில் அந்தமான் போக என்னென்ன அனுமதி வேண்டும்? (லங்காவியிலிருந்து)

லங்காவிப் பாய்மரம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க படகு 36 அடி, ஒத்தைப் பாய்மரம், மலேசியக் கொடி. இப்போ லங்காவியில நங்கூரம் போட்டு நிக்குது. ஜனவரியில வடகிழக்குக் காத்து நிதானமானதும் போர்ட் பிளேர் போய், ஒரு மாசம் அந்தமான்ல சுத்திட்டு, புக்கெட் வழியா திரும்பலாம்னு எண்ணம்.

படகுல மூணு பேர். நான் மலேசியக் குடிமகன். மனைவி கோத்தகிரிக்காரங்க, இந்தியப் பாஸ்போர்ட். சித்தப்பா மகன் சிங்கப்பூர் பாஸ்போர்ட், கையில ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு கொடுக்கிறது) இருக்கு. மூணு பேருக்கும் மூணு விதமான விதி இருக்கும்னு தெரியுது. ஆனா இணையத்துல தேடினா ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு மறுக்குது.

இன்னொரு விஷயம். மனைவியோட பெரியப்பா குடும்பம் நிக்கோபார்ல கச்சால் தீவுல இருக்கு. இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்துல இருந்து வந்தவங்கள்ல ஒரு பகுதியை நீலகிரிக்கும் இன்னொரு பகுதியை கச்சால் ரப்பர் தோட்டத்துக்கும் அனுப்பினாங்க. அப்போ பிரிஞ்ச அண்ணன் தம்பி வீடு இது. படகுலயே கச்சால் போய் அவங்களைப் பார்த்துட முடியுமா? இதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம்.

பழைய மாலுமி:
தம்பி, வணிகக் கப்பல்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விசாவைப் பத்தி மற்றவங்க சொல்லட்டும், பேப்பர் பத்தி நான் சொல்றேன்.

இந்தியத் துறைமுகம் உங்க 36 அடிப் படகையும் வெளிநாட்டிலிருந்து வரும் கப்பலாத்தான் பார்க்கும். அதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீரும். லங்காவியை விட்டுக் கிளம்பும்போது ஹார்பர் மாஸ்டர் (துறைமுக அதிகாரி), கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் மூணு இடத்துலயும் முத்திரை வாங்கி, அடுத்த துறைமுகம் போர்ட் பிளேர்னு எழுதின போர்ட் கிளியரன்ஸ் (துறைமுகத்தை விட்டுப் போகலாம்ங்கிற சான்று) கையில இருக்கணும். அது இல்லாம வந்தா முதல் கேள்வியிலேயே நிப்பீங்க.

போர்ட் பிளேர் பேர் 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு மாறியிருக்கு. மலேசியாவுல பழைய பேர்தான் இன்னும் ஓடுது. படிவத்துல ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிடுங்க.

க்ரூ லிஸ்ட் (படகுல உள்ளவங்க பட்டியல்), படகின் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், ரேடியோ லைசென்ஸ், கடைசியா தொட்ட துறைமுகங்களோட பட்டியல், சாமான் பட்டியல், மருந்துப் பட்டியல், மது பாட்டில் பட்டியல், ஆயுதம் எதுவும் இல்லைன்னு ஒரு தாள். எல்லாத்துலயும் நிறைய நகல். படகு பேரும் பதிவு எண்ணும் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு லங்காவியிலேயே செஞ்சுக்கோங்க. ஒவ்வொரு தாள்லயும் கையெழுத்துக்குப் பக்கத்துல முத்திரை இருந்தா வாங்குறவருக்கும் மேலே அனுப்புறது சுலபம். படகுல பிரிண்டர் வெச்சிருந்தா அதைவிட நல்லது.

ஃபீனிக்ஸ் பே:
நான் போர்ட் பிளேர்ல பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்துல ராமநாதபுரத்துல இருந்து வந்த குடும்பம். துறைமுகத்துல வேலை. வருஷா வருஷம் சீசன்ல வர்ற யாட்டுகளைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல விசா. வந்து இறங்கின பிறகு விசா வாங்கிக்கலாம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. உங்களுக்கு இ-விசா கிடைக்கும். ஆனா இ-விசாவுல பட்டியல்ல உள்ள விமான நிலையம், துறைமுகம் வழியா மட்டும்தான் உள்ளே வரலாம். பட்டியல் அவ்வப்போது மாறுது. விமானத்துல வர்றவங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. 520 கடல் மைல் தாண்டி வந்த பிறகு உங்களுக்கு அது பெரிய விஷயம். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துல பாஸ்போர்ட்ல ஒட்டுற சாதாரண விசாவே வாங்கிக்கோங்க, படகுல வர்றேன்னு விண்ணப்பத்துல தெளிவா எழுதுங்க.

சித்தப்பா மகன் விஷயத்துலதான் பலர் ஏமாறுறாங்க. ஓ.சி.ஐ. இருந்தா விசா வேண்டாம், சரி. ஆனா கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு ஓ.சி.ஐ. அட்டை சாவி கிடையாது. அந்த இடத்துல அவரும் வெளிநாட்டவர் மாதிரிதான். அந்தமான் நிக்கோபார் முழுக்க 1963 ஆணைப்படி கட்டுப்படுத்தப்பட்ட பகுதியா இருந்தது. அங்கே போக வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேணும். 2018-ல ஏறத்தாழ 30 தீவுகளுக்கு அந்தச் சீட்டு வேண்டாம்னு தளர்த்தினாங்க. அதுக்குக் காலவரையறை உண்டு, சில நாட்டுக்காரங்களுக்கு விலக்கும் கிடையாது. இதுக்கெல்லாம் அடிப்படையா இருந்த 1946 வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலா 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் நடைமுறையில இருக்கு. அதனால பத்து வருஷத்துக்கு முன்னால வந்துபோன யாரோ எழுதின பயணக் குறிப்பை நம்பிக் கிளம்பாதீங்க. கிளம்புறதுக்கு முந்தின மாசம் எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வெச்சுக்கோங்க.

மனைவிக்கு அந்தமான்ல எந்தச் சிக்கலும் இல்லை. ஆனா வெளிநாட்டிலிருந்து வர்றதால அவங்க பாஸ்போர்ட்லயும் நுழைவு முத்திரை விழணும். இந்தியர்தானேன்னு முதல்ல கரை இறங்கிடக் கூடாது.

இனி வர்ற அன்னிக்கு நடக்கிறது. துறைமுகத்தை நெருங்கும்போது வி.எச்.எஃப். ரேடியோவுல 16-வது சேனல்ல போர்ட் கன்ட்ரோலைக் கூப்பிடுங்க. அவங்க சொல்ற இடத்துல நங்கூரம் போட்டு, மஞ்சள் கொடி ஏத்திட்டுக் காத்திருங்க. கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், கோஸ்ட் கார்டு எல்லாரும் தனித்தனியா படகுக்கு வருவாங்க. அவங்களைக் கரையிலிருந்து கூட்டிட்டு வந்து திரும்ப விடுறது உங்க டிங்கிதான் (படகோட இருக்கிற சின்னத் துணைப்படகு). சுத்தமா, தண்ணி இல்லாம துடைச்சு வையுங்க, சீருடையில வர்றவங்க. எல்லாம் முடியிற வரைக்கும் யாரும் கரையில கால் வைக்கக் கூடாது. ஜனவரியில இங்கே சாயங்காலம் ஐந்தேகால் வாக்கில பொழுது சாஞ்சிடும். மலேசிய நேரத்துக்குப் பழகின உடம்பு ஏமாந்துடும். காலையில வந்து சேர்ற மாதிரி வேகத்தைக் கணக்குப் போடுங்க.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. அதுதான் உண்மையான அனுமதி: பயணத் திட்டம். எந்தத் தேதியில எந்தத் தீவு, எங்கே நங்கூரம்னு நாள்வாரியா எழுதி ஹார்பர் மாஸ்டர்கிட்ட கொடுத்து ஒப்புதல் வாங்கணும். ஒப்புதல் வாங்கின தாள்ல இல்லாத இடத்துல ஒரு ராத்திரிகூட தங்கக் கூடாது. தினமும் எங்கே நிக்கிறீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். வந்து இறங்கி, ஊர் பார்த்து, பிறகு திட்டம் போடலாம்னு நினைக்காதீங்க. லங்காவியிலேயே வரைபடத்தை விரிச்சு வெச்சு எழுதிட்டு வாங்க.

கச்சால் பத்தி அப்புறம் தனியா எழுதறேன். அது ஒரு வரியில சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை.

வடகடல்:
நான் நோர்வேயில இருக்கிறன், பாய்மரப் படகு ஓட்டுறது பல வருசப் பழக்கம். அண்ணை எழுதினது நல்ல விளக்கம், நன்றி. ஆனா ஒண்டு சொல்ல வேணும். நாளுக்கு நாள் எங்க நிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டு, முன்கூட்டி எழுதின திகதிக்கு முன்கூட்டி எழுதின குடாவில நிக்கிறது பாய்மரப் பயணமே இல்லை. காத்து மாறினா இடம் மாத்தத்தான் வேணும், அது பாதுகாப்பு விசயம்.

நான் பசிபிக் கடல்ல இருக்கிற கலாபகோஸ் தீவுகளுக்குப் போனனான். அங்கயும் கடும் விதிதான். முகவர் இல்லாமல் ஒண்டும் நடக்காது. வந்து நிண்ட உடனே ஆள் தண்ணிக்குள்ள இறங்கி படகின்ர அடியைப் பார்ப்பினம். பாசி, சிப்பி ஒட்டியிருந்தால் 40 கடல் மைல் வெளியில போய்த் துப்புரவாக்கிக்கொண்டு வாங்கோ எண்டு திருப்பி விடுவினம். பழம், மரக்கறி எல்லாம் கிண்டிப் பார்த்து எடுப்பினம். படகில நிண்டு நினைச்ச கரைக்கு டிங்கியில போகவும் ஏலாது. அதை நான் மனதார ஏற்றுக்கொண்டனான், ஏனெண்டால் வேறிடத்துப் பூச்சி ஒண்டு போனாலும் அந்தத் தீவு கெடும். அங்க விதிக்குக் காரணம் தெரியுது. அந்தமானில காரணம் என்ன எண்டு ஆராவது சொல்லுங்கோ.

ஃபீனிக்ஸ் பே:
நியாயமான கேள்வி.

காத்து மாறினா அந்த இடத்துலயே கிடந்து அல்லாடணும்னு யாரும் சொல்லலை. ரேடியோவுல கூப்பிட்டு, இன்ன காரணத்தால இன்ன இடத்துக்குப் போறேன்னு சொல்லணும். சொல்லிட்டுப் போறது வேற, சொல்லாமப் போறது வேற. திட்டத்துல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று நங்கூரம் எழுதி வையுங்க, இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது.

காரணம் கேட்டீங்க. ஒண்ணு கடல். இந்தத் தீவுகள் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல தூரத்துல, மியான்மருக்கும் இந்தோனேசியாவுக்கும் பக்கத்துல இருக்கு. பெரும்பாலானது ஆள் இல்லாத தீவு. 2024 நவம்பர்ல பேரன் (Barren) தீவுப் பக்கம் ஒரு மியான்மர் மீன்பிடிப் படகுல ஏறத்தாழ 6 டன் மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருள் பிடிச்சாங்க. அதுல ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இணையக் கருவியும் இருந்தது. இப்போ அதே கடல்ல, தெரியாத ஒரு சின்னப் படகு, சொல்லாத இடத்துல, ராத்திரி நிக்குதுன்னு வைங்க. ரோந்துல இருக்கிறவர் என்ன நினைப்பார்?

இதோட சேர்த்தே சொல்லிடறேன், இந்தியாவுல அனுமதி இல்லாம சாட்டிலைட் போன் வெச்சிருக்கிறதே குற்றம். துரையா, இரிடியம் ரெண்டுமே இதுல வரும். கையடக்க சாட்டிலைட் மெசஞ்சர் வெச்சிருந்த வெளிநாட்டுப் பயணிகளை விமான நிலையத்துலயே கைது செஞ்சிருக்காங்க. முடிஞ்சா கொண்டு வராதீங்க. படகுல ஏற்கனவே பொருத்தியிருந்தா முன்கூட்டியே எழுதிக் கேளுங்க, சாமான் பட்டியல்ல முதல் வரியா எழுதுங்க, ஏறி வர்ற அதிகாரிகிட்ட நீங்களே காட்டுங்க. ஆபத்துக்கால ஈபர்ப் (உதவி கேட்டு சிக்னல் அனுப்புற கருவி) கட்டாயம் இருக்கட்டும், அது வேற.

இன்னொரு காரணம் மனுஷங்க. அதுதான் பெரிசு.

அலைவரிசை:
இடையில ஒரு சின்னக் கேள்வி. 2018 தளர்வுப் பட்டியல்ல, வெளியுலகத் தொடர்பை ஏத்துக்காத பழங்குடி வாழ்ற வடக்கு சென்டினல் தீவும் இருந்ததா ஒரு செய்தியில படிச்சேன். அப்போ இறங்கலைன்னாலும் தூரத்துல இருந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்தானே? திட்டத்துல எழுதிக் கேட்டா கொடுப்பாங்களா?

ஃபீனிக்ஸ் பே:
கேட்காதீங்க. எழுதவும் எழுதாதீங்க.

பட்டியல்ல அந்தப் பேர் இருந்தது உண்மை. ஆனா அது வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டு சம்பந்தப்பட்ட தளர்வு மட்டும்தான். பழங்குடி பாதுகாப்புக்கு 1956-லிருந்து தனி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு. 2012-ல அதைத் திருத்தி தண்டனையைக் கூட்டினாங்க. அது இந்தியருக்கும் பொருந்தும், வெளிநாட்டவருக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். தீவு மட்டுமில்லை, சுத்தியுள்ள கடலும் தடை. ஒரு சீட்டு வேண்டாம்னு சொன்னதை வாசல் திறந்துட்டதா படிச்சவங்களாலதான் இவ்வளவு குழப்பமும்.

2018 நவம்பர்ல ஒரு அமெரிக்க இளைஞர் மீனவர்களுக்குக் காசு கொடுத்து அங்கே போய் உயிரை விட்டார். கூட்டிட்டுப் போன மீனவர்கள் கைதானாங்க. 2025 மார்ச்ல இன்னொருத்தர் காத்தடிச்ச ரப்பர் படகுல போய் இறங்கி, திரும்பி வந்த பிறகு கைதானார். செய்தியில போனவரோட துணிச்சலைப் பத்தித்தான் பேச்சு. அந்தத் தீவுல இருக்கிறவங்களுக்கு அவர் மூச்சுக்காத்து என்ன கொண்டுபோச்சுன்னு யார் கேட்டாங்க?

1858-ல இங்கே தண்டனைக் குடியேற்றம் வந்தப்போ கிரேட் அந்தமானியர்ங்கிற பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்குல இருந்தாங்க. 1961 கணக்கெடுப்புல 19 பேர். சண்டையில செத்தவங்க உண்டு. நோயில செத்தவங்கதான் அதிகம். தட்டம்மை, சிபிலிஸ், காய்ச்சல். ஜாரவா பழங்குடிகள் வெளியாட்களோட பழக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, 1999-லயும் அப்புறம் 2006-லயும், அவங்களுக்குத் தட்டம்மை பரவிச்சு. நமக்கு மூணு நாள் சளி, அங்கே ஒரு கூட்டமே போயிடும். தூரத்துல இருந்து பார்க்கிறோம்னு கிளம்புற படகு எஞ்சின் நின்னுபோனா எந்தக் கரையில ஒதுங்கும்? சட்டம் சொல்ற தூரத்தை அளந்து அதன் விளிம்புல போகாதீங்க. மேற்கே அந்தத் தீவுப் பக்கமே வேண்டாம். தெற்கு அந்தமான், மத்திய அந்தமான் மேற்குக் கரையும் ஜாரவா காப்பகம், அங்கேயும் அப்படித்தான். உங்க பயணம் முழுக்க கிழக்குக் கரையோட இருக்கட்டும். அழகுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

வடகடல்:
அண்ணை, இதை வாசிச்ச பிறகு நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிட்டுது. கலாபகோஸில படகின்ர அடியில ஒட்டின சிப்பிக்குப் பயந்தவை. இங்க பயப்பட வேண்டியது எங்களுக்கு. நாளாந்தம் இடம் சொல்லுற விதியில எனக்கு இப்பவும் முழு உடன்பாடு இல்லை, ஆனா மேற்குக் கரைத் தடையை ஒரு நாளும் எதிர்க்க மாட்டன்.

பவளக்காரி:
கடல் உயிரியல் படிக்கிறேன், களப்பணிக்கு போர்ட் பிளேர் கிட்ட இருக்கிற வண்டூர் பக்கம் போயிருக்கேன். படகுக்காரங்களுக்குச் சில விஷயங்கள்.

வண்டூர்ல மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-லிருந்து இருக்கு. ஹேவ்லாக் பக்கத்துல ராணி ஜான்சி பூங்கா, 1996. ஹார்பர் மாஸ்டர் ஒப்புதல் கொடுத்துட்டார்ங்கிறதால பூங்கா எல்லைக்குள்ள நங்கூரம் போட முடியாது, அதுக்கு வனத்துறை தனி. திட்டம் எழுதும்போதே பூங்கா எல்லையை வரைபடத்துல குறிச்சுக்கோங்க.

நங்கூரத்தை மணல்ல மட்டும் போடுங்க. சங்கிலி ஒரு ராத்திரி சுத்தினா அடியில இருக்கிற பவளம் பொடியாயிடும், அது வளர்ந்து வர எத்தனையோ வருஷம். கரையில கிடக்கிற செத்த பவளம், சங்கு, சிப்பி எதையும் நினைவுக்குன்னு எடுத்து வைக்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல பவளத்துக்கும் கடல் அட்டைக்கும் பாதுகாப்பு இருக்கு. நீங்க கிளம்புற அன்னிக்கு கஸ்டம்ஸ் படகைப் பார்த்தா அதுவே வழக்கு. ட்ரோனும் வேண்டாம்.

சதுப்புக் காடு, ஓடை வாய் பக்கம் நீந்தாதீங்க. உப்புநீர் முதலை உண்மையிலேயே இருக்கு.

லங்காவிப் பாய்மரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபீனிக்ஸ் பே அண்ணே, உங்க பதிவை மனைவிக்கு சத்தமா வாசிச்சுக் காட்டினேன். சித்தப்பா மகன் இப்போ சிங்கப்பூர்லயே எழுதிக் கேட்கப் போறார்.

திட்டம் இப்படி வரைஞ்சிருக்கேன்: போர்ட் பிளேர்ல நுழைவு, பேப்பர் வேலைக்கு மூணு நாள். நீல், ஹேவ்லாக், லாங் ஐலண்ட். அப்புறம் வடக்கே ஏறி டிக்ளிபூர் பக்கம் ராஸ், ஸ்மித் ரெண்டையும் சேர்க்கிற மணல் திட்டு. பேரன் தீவு எரிமலையைச் சுத்திப் பார்த்துட்டு, டிக்ளிபூர்ல இருந்து நேரா புக்கெட். சரியா வருமா? கச்சால் பத்தியும் சொல்றேன்னீங்க.

ஃபீனிக்ஸ் பே:
கடைசிப் பகுதியைத் தவிர மத்ததெல்லாம் நல்லா இருக்கு. டிக்ளிபூர்ல இருந்து நேரா வெளிநாடு போக முடியாது. நுழைஞ்ச மாதிரியே போர்ட் பிளேர் திரும்பி வந்து இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடிச்சு, கிளியரன்ஸ் வாங்கிட்டுத்தான் புக்கெட் கிளம்பணும். அங்கிருந்து சுமார் 400 கடல் மைல். திரும்பி வர்றதுக்கும் பேப்பர் வேலைக்கும் கடைசியில நாலு நாளாவது ஒதுக்குங்க, ஞாயிறு, ஜனவரி 26 விடுமுறையெல்லாம் பார்த்துக்கோங்க. ராஸ்-ஸ்மித்துக்கு டிக்ளிபூர்ல வனத்துறைச் சீட்டு. பேரன் தீவை ஒப்புதல் கிடைச்சா படகுல இருந்து பார்க்கலாம், இறங்க அனுமதி இல்லை. 1991-லிருந்து அப்பப்போ சீறிக்கிட்டே இருக்கிற எரிமலை, காத்துக்குக் கீழ்ப்பக்கம் போகாதீங்க. திட்டத்துல பேரும் தேதியும் எழுதினால்தான் அதுவும். ஊர்ப் பேர்களும் மாறியிருக்கு: ஹேவ்லாக் இப்போ ஸ்வராஜ் தீவு, நீல் ஷகீத் தீவு. ரெண்டையும் எழுதுங்க.

கச்சால். உங்க படகு அங்கே போக முடியாது தம்பி. பத்து டிகிரி கால்வாய்க்குத் தெற்கே நிக்கோபார் தனி உலகம். பழங்குடிக் காப்பகம், வெளிநாட்டு யாட்டுக்குத் திட்டத்துல எழுதிக் கொடுத்தாலும் ஒப்புதல் வராது, எழுதினதால மத்த இடங்களுக்கும் கேள்வி கூடும். அதை விட்டுடுங்க.

ஆனா உங்க மனைவி இந்தியக் குடிமகள். போர்ட் பிளேர்ல டெபுடி கமிஷனர் அலுவலகத்துல பழங்குடிப் பகுதிக்கான பாஸுக்கு விண்ணப்பிச்சு, அரசுத் தீவுக் கப்பல்ல போய் வரலாம். பெரியப்பா வீட்டிலிருந்து உறவுமுறையை எழுதி, முகவரியோட ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோட வைக்கச் சொல்லுங்க. உங்க தேதியும் கப்பல் தேதியும் ஒத்துவரணும், அதுதான் கஷ்டம். அதைவிடச் சுலபம், அவங்களையே போர்ட் பிளேருக்கு வரச் சொல்றது. மருத்துவம், காலேஜ், கடை கண்ணின்னு அங்கிருந்து இங்கே வந்துபோய்க்கிட்டுத்தான் இருக்காங்க. கச்சால் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இங்கே சொந்தக்காரங்க உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இடம் மாறினவங்களும் இருக்காங்க.

லங்காவிப் பாய்மரம்:
அண்ணே, மனைவி இப்போதான் பெரியப்பா மகன்கிட்ட போன்ல பேசினாங்க. அவரும் அண்ணியும் போர்ட் பிளேர் வர்றேன்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு கேள்வி: அவங்களை எங்க படகுல ஏத்தி நீல் வரைக்கும் கூட்டிட்டுப் போகலாமா?

பழைய மாலுமி:
க்ரூ லிஸ்ட்ல இல்லாத ஆளை ஒப்புதல் இல்லாம ஏத்தாதீங்க. படகு திருத்தாத பட்டியலோட கிளம்பினா பொறுப்பு கேப்டனான உங்க தலையில.

ஃபீனிக்ஸ் பே:
ஐயா சொன்னதுதான். கேட்டுப் பார்க்கலாம், ஆனா அதுக்காக ரெண்டு நாளைத் தொலைக்காதீங்க. போர்ட் பிளேர்ல இருந்து நீல் தீவுக்கு தினமும் ஃபெர்ரி இருக்கு. அவங்க அதுல வரட்டும், நீங்க படகுல வாங்க, கரையில சேர்ந்துக்கோங்க. ஃபெர்ரி டிக்கெட் ஜனவரியில சீக்கிரம் தீர்ந்துடும். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்க, நான் பார்த்துச் சொல்றேன்.